கோந்த்வாவில் ஒரு கோணல் கம்பம்

புத்தர் காலத்தில் தியானம் செய்ய ஒரு மரத்தடி போதுமானதாக இருந்தது. இணையத்தில் செய்வதற்கு, கதவைத் திறந்துவிடவும் வாயை அடைக்கவும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆள் நான்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, புனேயில் கோந்த்வா பக்கம் மகன் வீட்டில் இருக்கிறேன். விடிந்ததும் மடிக்கணினியைத் திறந்து, வெளியே காத்திருப்பவர்களை உள்ளே விட்டு, எல்லாரையும் மியூட் செய்வேன். கோவையிலிருந்து மாஸ்டர் முதலில் தியானமும், பிறகு சிகுங் என்ற சீனப் பயிற்சியும் நடத்துவார். வருபவர்கள் பெரும்பாலும் இந்த ஊர்த் தமிழர்கள், அமைதி தேடுபவர்கள். உங்களில் யாராவது இப்படி ஒரு குழுவுக்கு ஹோஸ்டாக இருந்திருந்தால், அந்த அமைதி யாருக்கு மட்டும் கிடைக்காது என்பது தெரிந்திருக்கும்.

மாஸ்டரின் உயர்ந்த நிலை

சிகுங்கில் ஒரு பெரிய பானையைக் கட்டிக்கொண்டதுபோல் கைகளை வளைத்து அசையாமல் நிற்க வேண்டும். 'மரம் போல் நிற்றல்' என்கிறார்கள். சீனப் பெயரில் மரமே கிடையாது, கம்பம்தான் என்று நான் குழுவில் திருத்தியிருக்கிறேன். யாரும் நன்றி சொன்னதில்லை.

ஒருநாள் மாஸ்டர் அப்படி நின்றார். நின்றுகொண்டே இருந்தார். எங்களுக்குத் தோள் எரிந்தது, முழங்கால் நடுங்கியது. அவரோ கண்ணைக்கூட இமைக்கவில்லை. இந்த மனிதர் எந்த நிலைக்குப் போய்விட்டார் என்று வியந்தபடி நாங்களும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். என் கைபேசி அடித்தது. மாஸ்டர்தான். "சார், இங்க நெட்டு போயி ரொம்ப நேரமாச்சுங்க. நீங்க எல்லாரும் காப்பி குடிச்சாச்சுங்களா?"

மணி

தியானம் முடிந்ததும் மாஸ்டர் வெண்கலக் கிண்ணத்தைத் தட்டுவார். மென்பொருளோ அதை வேண்டாத இரைச்சல் என்று முடிவு கட்டி விழுங்கிவிடும். எனவே முடிந்ததே தெரியாமல் உட்கார்ந்திருப்போம். ஒருநாள் புனேயின் மறுகோடியான ஆகுர்டியிலிருந்து வரும் விசாலம் அம்மா தன்னையறியாமல் மியூட்டை எடுத்துவிட, அவர் வீட்டுக் குக்கர் கூவியது. அத்தனை பேரும் பக்தியோடு கண் திறந்து வணங்கினார்கள். இது வழக்கமாகவே ஆகிவிட்டது.

எந்தச் சூத்திரத்திலும் குக்கருக்கு இடமில்லை என்பதால், இரண்டு நாள் குடைந்து, மணியோசை கேட்கும்படி அமைப்பை மாற்றினேன். விசாலம் அம்மா கேட்டார்: "எதுக்கு சார் இந்த மணி? குக்கர்னா, கூவினதும் எழுந்துபோய், அது அடங்கறதுக்குள்ள வாழைக்காயாவது நறுக்கிடுவேன்."

தரப் பரிசோதனை

அவர் கணவர் ராமமூர்த்தி, வாகனத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார், குறை கண்டுபிடிப்பதிலிருந்து அல்ல. போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கால் பலம் குறைந்துவிட்டது. தினமும் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்காவிட்டால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிசியோதெரபி செய்ய வந்த பெண் கெஞ்சினாள், மகள் அழுதாள். மனிதர் நாற்காலியை விட்டு எழவில்லை.

அந்த நாற்காலியில் இருந்தபடியே மனைவியின் திரையில் எங்களைப் பார்ப்பார். ஒரு காலை, பயிற்சியின் நடுவே அவர் குரல் வந்தது: "ஹோஸ்ட் சார், உங்க வலது தோள் இறங்கியிருக்கு. எங்க லைன்ல இந்த பீஸை வெளிய விடமாட்டோம்."

பால்கனி

தோளைச் சரிசெய்யலாம் என்று மாலையில் பால்கனியில் நின்று தனியாகப் பழகினேன். கைகளை மெல்லத் தலைக்கு மேல் தூக்குவது, இறக்குவது, உடம்பைத் திருப்பி மறுபடி தூக்குவது. எதிர் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மராட்டிய இளைஞன் கொஞ்ச நேரம் அக்கறையோடு பார்த்துவிட்டுக் கேட்டான்: "காகா, நெட்வொர்க் மிளால கா?" பெரியவரே, சிக்னல் கிடைத்ததா என்று.

ராஜினாமா

இதற்கு மேல் முடியவில்லை. எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது நான் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, யார் வீட்டு மிக்சி ஓடுகிறது என்று தேட வேண்டும். மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று மாஸ்டரிடம் சொன்னேன். வேறு யாராவது பொறுப்பேற்கிறீர்களா என்று அவர் குழுவில் கேட்டார். நான் போடாமலே எல்லாரும் மியூட்டில் இருந்தார்கள். அப்படியானால் வகுப்பை மூடிவிடலாம் என்றார் மாஸ்டர், வருத்தமில்லாமல். அவர் உண்மையிலேயே தியானம் செய்பவர்.

மருமகளுக்குத்தான் சந்தோஷம். "நல்லதாப் போச்சு மாமா. தியானம் ஆரம்பிச்சதுலேர்ந்து உங்களுக்குக் கோபம் ஜாஸ்தியாயிடுச்சு."

திறக்காத கதவு

விடுதலை எப்படி இருக்கும் என்று ருசி பார்க்க, மாதம் முடியுமுன்பே ஒருநாள் கதவைத் திறக்காமல் போர்வைக்குள் கிடந்தேன். அரைத் தூக்கத்தில் கைபேசி அடித்தது. விசாலம் அம்மா.

"சார், ரூமைத் திறங்க."

"இன்னிக்கு ஒருநாள் லீவும்மா. நீங்களே வீட்ல பண்ணிக்குங்களேன்."

"நான் பண்ணிப்பேன் சார். இவர்தான்..." குரலைத் தணித்தார். "ரெண்டு வாரமா எழுந்து நிக்கறார். கேமராவை அந்தப் பக்கம் திருப்பி வெச்சுட்டு, யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. மாஸ்டர் பெரிய ஆள்தான் என்றேன்.

"மாஸ்டரை எங்க பாக்கறார்? உங்களைத்தான். உங்களை விட நேரா நிக்கறாராம். இப்பவும் நாற்காலியப் பிடிச்சிக்கிட்டு நிக்கறார், திரையில யாரும் இல்ல. கால் நடுங்குது. 'அந்தக் கோணல் மனுஷன் வரட்டும், அப்புறம்தான் உக்காருவேன்'ங்கறார்!"

கலைந்த தலையோடு ஓடிப்போய்த் திறந்தேன். அன்று முதல் மாஸ்டர் தோளை உயர்த்தச் சொன்னாலும், பால்கனியில் பழகியதை மறந்து, இன்னும் கொஞ்சம் தாழ்த்தியே வைக்கிறேன்.

விடுதலையைத் தேடி வந்த இடத்தில் எனக்கு வாய்த்தது, ஆகுர்டியில் ஒருவர் நேராக நிற்பதற்காகக் கோந்த்வாவில் கோணலாக நிற்கும் நிரந்தர உத்தியோகம்.