முனீஸ்வரருக்கு ஒரு ஹார்ன்

என் மகள் படிக்கும் பள்ளி மலாக்காவில், புக்கிட் பெருவாங்கில் இருக்கிறது. பள்ளிக்கு முன்னால் முப்பதுக்கு மேல் போகக் கூடாது என்று போர்டு உண்டு. நான் முப்பதில்தான் போவேன். பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும். அந்தச் சத்தம் மற்றவர்களுக்கு எரிச்சலைத் தரும். எனக்குக் கண் தானாகச் சாலை ஓரத்துப் பிள்ளைகளிடம் போகும்.

நான் படித்த தமிழ்ப்பள்ளி புலாவ் செபாங்குக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்துச் சாலை ஓரத்தில் இருந்தது. சாலைக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடுகள், அந்தப் பக்கம் பள்ளி. நடுவில் பழக்குலை ஏற்றிய லோரிகள் எண்ணெய் ஆலைக்குப் பறக்கும். ஓட்டுகிறவர்கள் வேற்று மனிதர்கள் இல்லை, பாதிப் பேர் எங்கள் வீட்டு ஆண்கள்தான். ஆலையில் வரிசை நீளுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பது அவர்கள் அவசரம். வேலை முடிந்து வந்ததும் அவர்களே வாசலில் உட்கார்ந்து, மற்ற டிரைவர்கள் கண்மண் தெரியாமல் ஓட்டுவதைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்கள்.

வண்டிகளின் வேகம் குறைய, சாலையில் ஒரு மேடு போட்டுத் தரச் சொல்லி அப்பா சாலை இலாகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். பார்க்கிறோம் என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்போதுதான் மாமாவுக்கு அந்த யோசனை வந்தது. அம்மாவின் தம்பி, அவரும் லோரி ஓட்டுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்து வாய்க்காலில் இறங்கி, முழங்கால் உயரத்தில் ஒரு கல்லைப் புரட்டி எடுத்தார். நான் கரையில் நின்று பார்த்தேன். கல்லில் பாசியும் ஒரு நத்தையும் ஒட்டியிருந்தன. நத்தையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, கல்லைக் கழுவி, மஞ்சள் துணி சுற்றி, பள்ளி வாசலுக்குப் பக்கத்தில் நட்டார். பக்கத்தில் ஒரு சூலத்தையும் செருகினார். சாயங்காலத்துக்குள் அது முனீஸ்வரர் ஆகிவிட்டது.

“போர்டு வச்சா எவன் மதிக்கிறான் லா? சாமின்னா பயப்படுவானுங்க,” என்றார் மாமா.

அப்பா சிரித்தார். ஆனால் மாமா சொன்னபடிதான் நடந்தது. எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு வழித்துணை முனீஸ்வரர்தான். அவரைத் தாண்டும்போது ஹார்ன் அடித்துக் கும்பிடாமல் போக மாட்டார்கள். ஆபீசுக்குப் போட்ட மனுவால் ஆகாதது வாய்க்கால் கல்லால் ஆயிற்று. வளைவில் ஹார்ன் சத்தம் கேட்கும், லோரி ஊர்ந்து வரும், சிலர் இறங்கிச் சூடம்கூட ஏற்றுவார்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் சாலையைத் தாண்டிவிடுவோம். என் தம்பி ஒன்றாம் ஆண்டில் சேர்ந்தபோது அம்மா அவனுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தார். ஹார்ன் கேட்டால் லோரி மெதுவாக வரும், அப்போது தாண்டு என்று. பள்ளியிலும் அதையே சொன்னார்கள்.

சாமி வளர்ந்தார். தகரக் கூரை வந்தது, தரைக்கு டைல்ஸ் வந்தது, வருடா வருடம் கிடா வெட்டு வந்தது. டிரைவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இறங்காமல் ஹார்ன் மட்டும் அடித்துவிட்டுப் போனார்கள், சாமி கோபித்துக்கொள்ளவில்லை. பிறகு வேகத்தைக் குறைக்காமலே அடித்துவிட்டுப் போனார்கள். அப்போதும் கோபித்துக்கொள்ளவில்லை. பெரியவர்கள் எல்லாருக்கும் இது தெரிந்துதான் இருந்தது. பிள்ளைகளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

அன்று பள்ளி விட்டு வெளியே வந்துகொண்டிருந்தோம். வளைவில் ஹார்ன் சத்தம் கேட்டது. முன்னால் நடந்த தம்பி அதைக் கேட்டதும், சொல்லிக் கொடுத்தபடியே, சாலையில் இறங்கினான்.

லோரியை ஓட்டி வந்தவர் எங்கள் வரிசையில் கடைசி வீட்டுக்காரர். இறங்கி ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். “ஹார்ன் அடிச்சேனே லா, ஹார்ன் அடிச்சேனே,” என்பதைத் தவிர அவர் வாயில் வேறு சொல் வரவில்லை.

தம்பி பிழைத்தான். வலது கால் பழையபடி ஆகவில்லை; இன்றும் அதை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறான். அக்கம்பக்கத்தில் எல்லாரும் முனீஸ்வரர்தான் உயிரைக் காப்பாற்றினார் என்றார்கள். உயிரைக் காப்பாற்றத் தெரிந்தவருக்குக் காலைக் காப்பாற்றத் தெரியாமல் போனது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கடைசி வீட்டுக்காரர் தேங்காய் உடைத்தார். அவர் அளவில் அது அதோடு முடிந்தது.

பிள்ளை அடிபட்ட பிறகு ஆபீசுக்குக் கண் தெரிந்தது. அதிகாரி ஒருவர் வந்து இடத்தைப் பார்த்தார். மேடு போட்டுத் தருகிறோம், ஆனால் கோயில் சாலைக்கான நிலத்தில் இருக்கிறது, அதைக் கொஞ்சம் உள்ளே நகர்த்திக்கொள்ளுங்கள் என்றார். அதைப் பேசி முடிவு செய்ய எல்லாரும் அந்தத் தகரக் கூரையின் கீழேயே கூடினார்கள்.

“நாம மேடுதானே கேட்டோம்? கல்ல நகத்தி வச்சா என்னா?” என்றார் அப்பா.

சாமியைக் கல் என்று சொன்னதற்காக நாலு பேர் எழுந்துவிட்டார்கள். மாமாவும் அவர்கள் பக்கம்தான். “மச்சான், கை வச்சா குடும்பத்துக்கு ஆவாது. புள்ளைக்கு உசிரு குடுத்தவரு,” என்றார்.

அதுவரை ஓரத்தில் நின்ற அம்மா கத்தினார். “வாய்க்கால்ல கெடந்தத நீதானடா தூக்கியாந்த!”

பெற்ற வயிறு, ஏதோ பேசுகிறாள் என்று சொல்லி, பெண்கள் அம்மாவை வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். கோயிலை நகர்த்துவதில்லை என்று முடிவாயிற்று. வேகத்தைக் குறைக்க வைத்த சாமியைக் காப்பாற்ற, வேகத்தைக் குறைக்கும் மேட்டை வேண்டாம் என்றார்கள். இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. அப்பா அதற்குப் பிறகு எந்த ஆபீசுக்கும் போகவில்லை.

மறுநாள், இன்னும் மலாக்கா ஆஸ்பத்திரியில் கிடந்த தம்பியைப் பார்க்க மாமா என்னை லோரியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். கஞ்சித் தூக்கு என் மடியில் இருந்தது. பள்ளி வளைவு வந்ததும் மாமா ஹார்னை நீளமாக அடித்தார். ஒரு கையைத் தூக்கிக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். “எம்புள்ளய நல்லபடியா அனுப்பிடு, முனீஸ்வரா,” என்றபோது அவர் குரல் உடைந்து, கண்ணீர் வழிந்தது. பையோடு சாலை ஓரத்தில் நின்றிருந்த பிள்ளைகள், பள்ளி வாசல், எல்லாம் சட்டென்று பின்னால் போய்விட்டன.

தம்பிமேல் மாமாவுக்கு எவ்வளவு பாசம் என்று நினைத்து நானும் கைகூப்பினேன். கும்பிட்ட அவர் கையைத்தான் நான் பார்த்தேன். ஆக்சிலேட்டரை விட்டு எழும்பாத அவர் காலைப் பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை.