இரவல் பாஞ்சாலி

திண்டிவனத்தில் அந்தத் தெருவுக்குள் வந்து பாஞ்சாலி வீடு எது என்று கேட்டால் எந்தப் பாஞ்சாலி என்பார்கள். இரவல் பாஞ்சாலி என்று கேட்க வேண்டும். முறம், சல்லடை, குடை, எதை வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் அவளிடம் கிடையாது. தங்கள் சொந்தப் பொருளையே அவளிடம் இரவல் கேட்டு வாங்கிப் போனவர்கள் உண்டு. கணவன் முருகையன் வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்கினான். அவளும் அங்கேயே மல்லாட்டை உடைத்தாள்.

எண்பத்து நான்காம் வருஷம் சித்திரையில் அவர்களுடைய ஒரே மகள் காந்திமதி காய்ச்சலில் போய்விட்டாள். பாஞ்சாலி முதலில் மந்திரித்துக் கயிறு கட்டினாள், கஷாயம் வைத்துக் கொடுத்தாள். தணியவில்லை என்ற பிறகுதான் விழுப்புரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கே ஒரு டாக்டர், "நேத்தே கொண்டாந்திருக்கலாமேம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். அவருக்கு அது ஒரு வார்த்தை. இவளுக்கு அதுவே தீர்ப்பாகிவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள் விதி என்றார்கள், இன்னொன்று பெற்றுக்கொள் என்றார்கள். வாய் இருந்தால் எதையும் சொல்லலாம். சோறு இறங்காமல், தூக்கம் வராமல், பெற்ற பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். செத்துப்போகலாம் என்ற நினைப்பு முதலில் எப்போதாவது வந்து எட்டிப் பார்த்தது. பிறகு வந்த இடத்திலேயே குடியிருக்க ஆரம்பித்துவிட்டது. ஐப்பசியில் ஒருநாள், இனி இருக்கப்போவதில்லை என்று தீர்மானித்தாள். தீர்மானித்ததும் மனசு லேசாகிவிட்டது. கொடுமை அதுதான்.

மறுநாள் காலையில் இரவல் சாமான்களை எல்லாம் தேய்த்துக் கழுவி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எதிர்வீட்டு முனியம்மாள் முறத்தை வாங்கிக்கொண்டு, இன்றைக்கு மழை கொட்டப்போகிறது என்று கேலி செய்தாள். பாஞ்சாலி தேறிவிட்டாள், பழையபடி ஆகிவிட்டாள் என்று தெருவே சந்தோஷப்பட்டது. பழையபடி ஆனவள் திருப்பிக் கொடுப்பாளா என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

கடைசி வீடு சூசை மேரியுடையது. கணவனை இழந்தவள், ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள். பாஞ்சாலி நீட்டிய இடியாப்பக் குழலை அவள் வாங்கவில்லை. மிஷினை விட்டு எழுந்து வந்து கதவைச் சாத்தினாள். பாஞ்சாலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"செத்துப்போவலாம்னு இருக்கிறியா, பாஞ்சாலி?"

இத்தனை மாதமாக யாரும் கேட்காத கேள்வி. இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். தலை ஆமாம் என்று ஆடிவிட்டது. அப்புறம் மகளுக்கு மந்திரித்துக் கயிறு கட்டியதிலிருந்து டாக்டர் சொன்னது வரை எல்லாவற்றையும் கொட்டினாள்.

சூசை மேரி திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. தன் தம்பி தொம்மையைப் பற்றிச் சொன்னாள். அவன் ஒருநாள் வந்து, எப்போதோ வாங்கிப்போன கைக்கடிகாரத்தைத் துடைத்துக் கொடுத்தானாம். தம்பிக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று இவள் பூரித்துப் போனாளாம். மறுநாள் அவன் உயிரோடு இல்லை.

"காப்பி போட்டுக் குடுத்து அனுப்பிச்சேன்டி. ஒரு வார்த்த கேட்டிருந்தா இருந்திருப்பான்."

பாஞ்சாலிக்குத் தாங்கவில்லை. "உனக்கு எப்டிக்கா தெரியும்? அவன் மனசுக்குள்ள பூந்தா பாத்த?"

சூசை மேரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்ப உனக்கு மட்டும், அது இன்னா காய்ச்சல்னு எப்டிடி தெரிஞ்சிருக்கும்?"



அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சரியாகவில்லை. சூசை மேரி அவளை வீட்டுக்கு அனுப்பாமல், மண்டிக்கு ஆள் விட்டு முருகையனை வரவழைத்து ஒளிக்காமல் சொன்னாள். அவ்வளவு பெரிய ஆள் தரையில் உட்கார்ந்து அழுதான். பிறகு மூன்று பேருமாகப் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறி, மனசுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரைப் பார்த்தார்கள். மாத்திரை கொடுத்தார். பைத்தியக்கார மாத்திரை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பாஞ்சாலி அழுதுகொண்டேதான் விழுங்கினாள். தூக்கம் மெல்ல வந்தது. நினைப்பு போகவில்லை, ஆனால் அது வரும் நாளில், "அக்கா, இன்னிக்கி ரொம்ப வருது" என்று சூசை மேரியிடம் போய்ச் சொல்லக் கற்றுக்கொண்டாள். அப்படிச் சொன்ன நாளெல்லாம் அவளைத் தனியாக விடாமல், மிஷின் பக்கத்தில் உட்காரவைத்து ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைக்கக் கொடுத்தாள் சூசை மேரி.

அடுத்த வருஷம் கல்லறைத் திருநாளுக்குச் சூசை மேரி தன் ஊருக்குப் போனபோது பாஞ்சாலியும் கூடப் போனாள். தானாக உயிரை விட்டவன் என்று தொம்மையைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்திருந்தார்கள். ஊரெல்லாம் உள்ளே பூவும் மெழுகுவர்த்தியுமாக இருக்க, சூசை மேரி வருஷா வருஷம் வெளியே தனியாக நின்றுவிட்டு வந்திருக்கிறாள். பாஞ்சாலி முள்ளை விலக்கி மண்ணைத் தட்டிவிட்டாள். தன் மகளைப் புதைத்த ஏரிக்கரையில் மழை வந்து இடமே தெரியாமல் போயிருந்தது.

"எம்பொண்ணுக்கும் இங்க ஒண்ணு ஏத்தட்டுமாக்கா?"

சூசை மேரி ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக் கொடுத்தாள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தன. அந்த வழியாக வந்த ஒரு வயதான அம்மாள் நின்று, சுவருக்கு வெளியே புதைத்திருப்பது யார் என்று கேட்டாள். சூசை மேரி எப்போதும்போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பாஞ்சாலி நிமிர்ந்து பார்த்தாள். "எங்க தம்பிங்க. நோவு வந்து செத்துட்டான். எனக்கும் அந்த நோவு இருக்குது."

 அந்த அம்மாள் உள்ளே வைக்க வைத்திருந்த பூவில் ஒரு முழம் கிள்ளி அந்த மண்மேல் வைத்துவிட்டுப் போனாள்.