பாவுக் குச்சியும் தண்ணீர் பாட்டிலும்

1998-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். ஆரணியில் பட்டு நெசவாளர்கள் வசிக்கும் தெருவில் வாடகைக்குக் குடியிருந்தோம். நான் தேசூர்ப் பெண். கணவரின் வேலைக்காக இங்கே வந்தவள். எங்கள் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு படித்தாள்.

அந்த மாதத் தொடக்கத்தில் அவள் ஆசிரியை என்னைக் கூப்பிட்டு ஒன்று சொல்லியிருந்தார். பள்ளிக் குழாயடியில் ஒரு குழந்தை வழுக்கி விழுந்திருக்கிறது. என் மகள் அந்தக் குழந்தையைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்திருக்கிறாள். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. ஒரே பிள்ளை என்று செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேனோ? உடனே கடைக்குப் போய் நல்ல பழக்கங்கள் அட்டை வாங்கி வந்து சுவரில் ஒட்டினேன். "பிறருக்கு உதவ வேண்டும்" என்று தினமும் படிக்க வைத்தேன். அவளும் வாய்ப்பாடு போல் ஒப்பித்துவிட்டு, புதிதாக வாங்கிய சிவப்புத் தண்ணீர் பாட்டிலை யாரும் தொடாதபடி மார்போடு அணைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

எங்கள் தெருவில் சில நாட்கள் விடிந்ததும் பாவு நீட்டுவார்கள். புடவையின் நீளவாட்டு இழைகளைத் தெரு நெடுக இழுத்துக் கட்டி, மூங்கில் கவைகளில் தாங்கி, அறுந்த இழைகளை முடிவார்கள். இழைகள் கலக்காமல் இருக்க இடையிடையே குச்சி செருகியிருக்கும். அந்த நேரத்தில் தெரு பாவுக்குத்தான் சொந்தம். வண்டிகள் சுற்றிக்கொண்டு போகும். ஆள் போதாவிட்டால், போகிற வருகிற யாரைக் கூப்பிட்டாலும் கை கொடுக்க வேண்டும். எதையாவது கெடுத்துவிடுவேனோ என்று நான் மட்டும் பின் தெரு வழியாகவே போவேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு நாள், பள்ளிக்கு நேரமாகிவிட்டதால் மகளோடு பாவின் ஓரமாக நடந்தேன். பாதித் தெரு கடப்பதற்குள் தூறல் விழுந்தது. நனைந்தால் பட்டு பாழ். எதிர்வீட்டு நெசவாளரின் மனைவி ஓடிவந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் மகளின் கையைப் பிடித்து ஒரு குச்சியின்மேல் வைத்தார்.

"பாப்பா, இத்த கெட்டியா புடிச்சிக்கோ. உருவிகினு வந்துச்சுன்னா நூலு கலந்துடும். நான் வர்ற வரிக்கும் வுடாத, இன்னா?"

"அக்கா, அவ சின்னப் பொண்ணு. நான் புடிக்கிறேன்" என்றேன்.

"நீ அந்தாண்ட கவைய புடி தங்கச்சி. அங்க ஆளே இல்ல. ஜல்தி."

நான் தெருவின் மறுமுனைக்கு ஓடினேன். அங்கிருந்து மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆண்கள் எதிர் முனையிலிருந்து பாவைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். தூறல் கொஞ்சம் வலுத்தது. அப்போது அவள் தோளில் இருந்த பாட்டிலின் வார் நழுவியது. பாட்டில் கீழே விழுந்து, மெல்ல உருண்டு சாக்கடைப் பக்கம் போனது.

இவள் விட்டுவிடுவாள், ஒரு குடும்பத்தின் உழைப்பு சிக்காகிவிடும் என்று தோன்றியது. கத்தலாமா? கத்தினால் பயந்து விட்டுவிடுவாளோ? என் கையில் கவை. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் பாட்டிலைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. குச்சியை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டாள். பாட்டில் சாக்கடையில் விழுந்தது.

சுருட்டிக்கொண்டு வந்த ஆண்கள் பக்கத்தில் வந்தபோதும் அவள் விடவில்லை. "அந்த ஆன்ட்டி வரணும்" என்றாள். அந்த அக்கா வந்து வாங்கிய பிறகுதான் கையை எடுத்தாள். அவர் கணவர் இழைகளைத் தடவிப் பார்த்து, "ஒண்ணும் கலக்கல. பாப்பா, இந்தப் பொடவையில உனுக்கும் பங்கு கீது" என்றார்.

"எனக்குப் பொடவ வேணாம். பாட்டில்தான் வேணும்" என்று அழத் தொடங்கினாள். தெருவே சிரித்தது. சிரித்துக்கொண்டே யாரோ பாட்டிலை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அடுத்த முறை பாவு நீட்டிய காலையில் அவளைக் காணோம். தேடினால், தெருமுனையில் கையை விரித்து நின்று, கடைக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பிய தன் அப்பாவையே மறித்துக்கொண்டிருந்தாள்.

"பாவு கீது. சுத்திகினு போங்க."

"நான் உங்கப்பாடி."

"அப்பாவா இருந்தாலும்தான்."

அவர் வண்டியைத் திருப்பினார்.

அன்றோடு எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பென்சிலை யாருக்கும் தரமாட்டேன் என்று அந்த வாரமும் சண்டை போட்டாள். ஆனால் சில மாதம் கழித்து, மைதானத்தில் விழுந்த ஒரு பிள்ளையின் முழங்காலை அந்தச் சிவப்புப் பாட்டில் தண்ணீரால் அவள் கழுவிவிட்டதாக அதே ஆசிரியை சொன்னார்.

அது நடந்து நான்கு வருடமாகிறது. இப்போது என் இளையவளுக்கு மூன்று வயது. பக்கத்து வீட்டில் சேர்க்க வேண்டிய பால் பாக்கெட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே நடக்கிறேன். போட்டுவிடுவாளோ என்று ஒவ்வொரு நாளும் கை தானாக நீள்கிறது. ஆரணித் தெருவின் நடுவில், மழையில், இரண்டு கையாலும் குச்சியைப் பிடித்து நின்ற பெரியவளை நினைத்துக்கொண்டு கையை மடக்கிக்கொள்கிறேன்.