பாடகர்கள் அருவிக்குப் போன நேரம்

எண்பதுகளின் கடைசி, சாரல் விழும் ஆடி முடிந்த ஆவணி. தென்காசியில் ஒரு கல்யாண வரவேற்பு. மெட்ராஸிலிருந்து வந்திருந்த மெல்லிசைக் குழுவின் பாடகர்கள் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனவர்கள், விருந்தினர் எல்லாரும் வந்த பிறகும் திரும்பவில்லை. மேடையில் இருந்தவர் கிடார்காரர் மட்டும்தான். ஐம்பதை நெருங்கும் வயது. நரைத்த முடி தோளில் கிடந்தது.

“ஒரு காலத்துல இங்கிலீஷ் பேண்டுல பெரிய ஆளாம்” என்றார் மைக்செட்காரர். “புரோகிரசிவ் ராக்னு பேரு. ஒரு பாட்டே அரை மணி நேரம் ஓடுமாம்லா.”

ஒரே பாட்டில் அரை மணி நேரம் அப்படி என்னதான் இருக்கும்? நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவர் யாரையும் பார்க்காமல் வாசிக்கத் தொடங்கினார். நான் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன். கை ஒத்துப்போகும் நேரத்தில் அவர் வேறு கணக்குக்குத் தாவிவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது, விடவும் மனமில்லை. காலடியிலிருந்த பெட்டியை மிதித்தபோதெல்லாம் கிடார் மனிதக் குரலில் முனகியது. எங்கெங்கோ போய், தொடங்கிய இடத்துக்கே வந்து சட்டென்று நிறுத்தினார். பந்தலில் ஒருவரும் கைதட்டவில்லை.

நான் தட்டப்போனேன். பக்கத்திலிருந்த ஜவுளிக்கடை அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பொறு தம்பி. இப்பத்தான சுருதி சேக்குதாரு.”

அதற்குள் பாடகர்கள் ஈரத்தலையோடு ஓடிவந்தார்கள். ஊரே அறிந்த சினிமாப் பாட்டுகளைப் பாடினார்கள். கிடார்காரர் பின்னால் ஒதுங்கி நின்று அடக்கமாக வாசித்தார். மூன்றாவது பாட்டில் அண்ணாச்சி கொட்டாவி விட்டு எழுந்தார்.

“நான் சாப்பிடப் போறேன். அவரு மறுபடி சுருதி சேத்தா ஒரு சத்தம் குடு.”