விரல் குதிக்கல

அடி அண்ணாமலையில கிரிவலப் பாதை ஓரமா டீக்கடை வெச்சிருக்கேன். வர்றவங்க நாலு பேரையாவது கலாய்க்கலைன்னா எனக்கு அன்னிக்கு டீ போட்ட மாதிரியே இருக்காது. நான் வாயத் தொறந்தாலே தெருவே சிரிக்கும். நெசத்தைச் சொன்னாலும் சிரிப்பாங்க, வினையே அதுதான்.

போன ஆனி மாசம், ஒரு சாயங்காலம். மொட்டை மாடியில வத்தல் அள்ளிக்கினு இருந்தேன். காலேஜ்ல பிசிக்ஸ் படிக்கிற பேத்தி பக்கத்துல வந்து ஒக்காந்துச்சு.

"ஆயா, நட்சத்திரம் எவ்ளோ தூரம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க தெரியுமா?"

"கண்டக்டரைக் கேட்டா சொல்லப்போறான்."

"ச்சீ போ. கட்டை விரலை மூஞ்சிக்கு நேரா நீட்டு. ஒரு கண்ணை மூடிட்டு மலையைப் பாரு. அப்புறம் அதைத் தொறந்து இன்னொன்னை மூடு. விரல் இப்படியும் அப்படியும் குதிக்கும். கிட்ட இருந்தா ஜாஸ்தி குதிக்கும், தள்ளிப்போனா கம்மியா குதிக்கும். அதை வெச்சு தூரத்தைக் கணக்குப் போட்டுடலாம்."

"நட்சத்திரத்தை அளக்கிற அளவுக்குப் பெரிய மூஞ்சி எவனுக்குடி இருக்கு?"

"பூமி சூரியனை சுத்துதில்ல? ஆனியில ஒருவாட்டி பாப்பாங்க. மார்கழியில பூமி எதிர்ப்பக்கம் போனதும் இன்னொருவாட்டி பாப்பாங்க. அந்த ரெண்டு எடந்தான் ரெண்டு கண்ணு."

"அடியே, பூமியும் கிரிவலம் போவுதா! செருப்பு போட்டுக்கினா, போடாமலா?"

விரலை நீட்டினேன். வலது கண்ணை மூடினேன். விரல் இருந்துச்சு, அது பின்னால மலை இருந்துச்சு. இடதை மூடினேன். விரலைக் காணோம். மலையையும் காணோம். வெறும் புகை.

"குதிச்சுதா ஆயா?"

"குதிக்கலடி. மலையே போயிடுச்சு."

அது விழுந்து விழுந்து சிரிச்சுது. கீழ போயி மருமககிட்ட சொல்லிச்சு. "மலைய யாருக்கு வித்தீங்க அத்தை?"னு அவளும் சிரிச்சா. நெசமாத்தான் சொல்றேன்னு சொன்னேன். அதுக்கு இன்னும் ஜாஸ்தி சிரிச்சாங்க.

மருமக டம்ளர்ல தண்ணி குடுத்தா. இடது கண்ணைப் பொத்திக்கினு வாங்கப் போனேன். என் கை காத்தைப் புடிச்சுது. டம்ளர் கீழ உருண்டுச்சு. அப்பத்தான் சிரிப்பு நின்னுச்சு.

டவுனுக்குக் கூட்டினு போனாங்க. கண் டாக்டரம்மா லைட் அடிச்சுப் பாத்துட்டு சொன்னாங்க: "வலது கண்ணு நரம்பு செத்துப்போச்சும்மா. இனிமே பார்வை வராது. இடதுலயும் ஆரம்பிச்சிருக்கு, சொட்டு மருந்து போட்டு இருக்கிறதைக் காப்பாத்தணும். இது வலிக்காது, ஒரு கண்ணு போறது இன்னொன்னால தெரியாமலே போயிடும்."

"பாதிக் கண்ணுக்குப் பாதி பீஸ்தானே?"ன்னேன். ஒருத்தரும் சிரிக்கல.

இப்போ கடையில டீயை மருமகதான் ஆத்துறா. நான் ஆத்தினா டம்ளருக்கு வெளியே ஊத்துது. ஒத்தைக் கண்ணுக்கு எது கிட்ட, எது தள்ளினு புரியல.

மிச்சக் கண்ணு தாங்குதானு பாக்க, தினம் காத்தால பேத்தி தெருவுல போயி நின்னுக்கினு "ஆயா, நான் தெரியுறனா?"னு கேக்குது. எல்லாத்துக்கும் நக்கல் பண்ற நான் இதுக்கு மட்டும் பண்றதில்ல. இன்னிக்கு வேப்பமரத்துகிட்ட நின்னுச்சு. துப்பட்டா செவப்பு தெரிஞ்சுது. மூஞ்சி தெரியல.

தெரியலன்னுதான் சொன்னேன்.