தாத்தா சாமிக்கு நேர்ந்த முதல் காட்சி

ஐந்து நிமிடம் கொடுத்தால் போதும், ஒரவான் எந்தப் படத்தையும் விற்றுவிடுவாள் என்று பாங்காக் சினிமாக்காரர்கள் சொல்வார்கள். வெளிநாட்டுப் படச் சந்தையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, எதிரே கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு ஜெர்மன்காரர். அவர் எழுந்திருப்பதற்குள் முழுப் படத்தையும் அவர் கண்முன் ஓட்டிக் காட்டிவிடுவாள். வசனம் மொழிபெயர்க்க வந்தவள், விற்பனை முகவராகி, யாரும் தொடாத கதைகளைத் தானே தயாரிக்கவும் துணிந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவள் தயாரித்த பதினான்கு படங்களில் பாதியை அவள் நாட்டு ஜனங்களே பார்த்ததில்லை. முன்பெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பதினைந்தாவது படத்தை, நாட்டின் வடகிழக்கே ஓடும் மூன் நதிக்கரையில் ஒரு சின்ன ஊரில் எடுத்தார்கள். கதாநாயகன், படகோட்டி பூன்மா. அறுபத்தெட்டு வயது, அதுவரை கேமரா முன் நின்றதே இல்லை. படப்பிடிப்புக்கு முதல் நாள், தோப்பில் இருக்கும் ஊர்க்காவல் தாத்தா சாமிக்கு அவித்த கோழியும் சாராயமும் படைத்து, ஒரவான் முழங்காலிட்டு நேர்ந்துகொண்டாள்.

"மழை குறுக்க வராம பார்த்துக்குங்க தாத்தா. முதல் காட்சி உங்க முன்னாடிதான்."

சாமிக்குப் படம் போடுவதாக நேர்ந்துகொள்வது அந்தப் பக்கத்து வழக்கம்தான். வெட்டவெளியில் திரை கட்டுவார்கள். முன்வரிசை நாற்காலிகள் சாமிக்கு, ஊர் ஜனங்கள் பின்னால் பாய் விரித்து உட்காருவார்கள்.

"எனக்கும் முன்வரிசைல ஒரு நாற்காலி போடணும் பாப்பா," என்றார் பூன்மா. "என் மூஞ்சி அம்மாம் பெருசா எப்படி இருக்குன்னு நான் பார்க்க வேணாமா?"

"சாமி எந்திரிச்சு ஓடிடுமே பெரியப்பா!" என்றாள் ஒரவான்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாற்பது நாளும் ஒரு சொட்டு மழை இல்லை. ஒலிப்பதிவு செய்த தம்பி பூன்மா வீட்டிலேயே தங்கி, ஒட்டரிசிச் சோறும் உப்பில் ஊறவைத்த மீனும் தின்று ஒரு சுற்று பெருத்துப் போனான்.

டிசம்பரில் படம் முழுசாக முடிந்தது. ஐரோப்பாவில் ஒரு பெரிய விழா மே மாதத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்தது. ஒரே ஒரு நிபந்தனை: அதற்குமுன் உலகத்தில் எங்கேயும் பொதுஜனத்துக்குக் காட்டியிருக்கக் கூடாது. அந்த விழா கைநழுவினால் இந்த மாதிரிப் படத்தைச் சீந்த ஆள் இருக்காது. சாமியிடம் மனசுக்குள்ளேயே தவணை வாங்கிக்கொண்டாள்.

ஜனவரியில் பூன்மா போன் செய்தார்.

"பாப்பா, கண்ணுல ஏதோ அழுத்தமாம். குழாய் வழியா பார்க்கிற மாதிரி சுருங்கிக்கிட்டே வருது. மழைக்காலம் வரைக்கும் தாங்கும்னு டாக்டர் சொல்றாரு. நம்ம படம் எப்போ?"

"இன்னும் முடியல பெரியப்பா. சத்தம் சேர்க்கிற வேலை பாக்கி இருக்கு."

வாய் கூசாமல் சொன்னாள்.

"சரி பாப்பா. நல்லா பண்ணுங்க," என்று வைத்துவிட்டார்.

பிப்ரவரியில் படச் சந்தைக்குப் பறந்து போய், கதவைச் சாத்தி, பன்னிரண்டு வியாபாரிகளுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினாள். வாங்க வருபவர்களுக்குத் தனியாகக் காட்டினால் முதல் காட்சி கெடாது. இந்தத் தொழிலில் நேற்று சேர்ந்தவனுக்கும் அது தெரியும். பன்னிரண்டு பேருக்குச் சாத்திய கதவை ஒரு படகோட்டிக்கும் சாத்தியிருக்கலாம். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஒரு ராத்திரி பஸ் ஏறினால் போதும். அந்த யோசனையே அவளுக்கு வரவில்லை. வந்து, சோம்பலில் தட்டிக் கழித்திருந்தால்கூட பிற்பாடு இவ்வளவு அறுத்திருக்காது. படம் பார்க்க வேண்டியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

மே மாதம் விழா அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பதினேழு நாடுகள் வாங்கின.

நவம்பரில், மழை ஓய்ந்த பிறகு, திரையும் புரொஜெக்டருமாக ஊருக்குப் போனாள். பூன்மாவை மகள் கைபிடித்துக் கூட்டிவந்து முன்வரிசையில், சாமியின் நாற்காலிகளை ஒட்டி உட்கார வைத்தாள். அவர் முகம் திரைக்குச் சற்றுத் தள்ளி, இருட்டைப் பார்த்திருந்தது. ஒரவான் அவர் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டாள்.

படம் தொடங்கியதும் ஊர் ஓவென்று கத்தியது.

"என்ன பாப்பா, நான் வந்துட்டேனா?"

"வந்துட்டீங்க பெரியப்பா. திரை முழுக்க நீங்கதான். பனிக்குள்ள படகைத் தள்றீங்க."

அங்கே தொடங்கி நூறு நிமிடமும் அவர் காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தாள். சந்தையில் சேர்க்கும் மசாலா எதுவும் சேர்க்கவில்லை. அவர் சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லாருக்கும் பின்னால், கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

படம் முடிந்தது. "நல்லாத்தான் சொல்ற," என்றார்.

அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "பெரியப்பா, நான் பாவி. நீங்க போன் பண்ணப்பவே படம் முடிஞ்சிருந்தது."

"தெரியும் பாப்பா. புது வருஷத்துக்கு அந்தச் சத்தக்காரத் தம்பி வந்திருந்தான். எல்லாம் முடிஞ்சுது, பிரமாதமா இருக்கீங்கன்னு சொன்னான். அதுக்கப்புறம்தான் உனக்குப் போன் போட்டேன்."

"தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்காம வச்சீங்க?"

பூன்மா கைத்தடியைத் தடவி எடுத்துக்கொண்டார்.

"கண்ணு போகுதுன்னு சொல்லிட்டேனே. நீ வருவேன்னு நெனச்சேன்."