நேற்றைய தண்ணீர்

தினமும் காலையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒரு சொட்டுகூட நனையாமல் கரையேறுகிறேன். என் வேலை அப்படி. மார்புவரை ஏறி, தோளில் வார் போட்டு மாட்டிக்கொள்ளும் ரப்பர் உடுப்பு ஒன்று இருக்கிறது. பூட்ஸும் அதிலேயே ஒட்டியிருக்கும். இங்கே அதை வேடர்ஸ் என்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு இறங்கினால் தண்ணீரின் குளிர் தெரியும், கனம் தெரியும், ஈரம் மட்டும் தெரியாது. கேரள எல்லையோரப் பாறசாலைக்காரன் ஒருவனுக்கு இதைவிடக் கோட்டித்தனமான வேலை கிடைக்காது. வருஷத்தில் பாதி நாள் மழை பெய்து, கொடியில் போட்ட துண்டு காயாமலே மறுபடி தோளுக்கு வரும் ஊர் எங்களுடையது. நனைவது எங்களுக்கு ஒரு செய்தியே அல்ல. இங்கே நனையாமல் இருப்பதற்குப் பயிற்சி வகுப்பு வைத்துச் சான்றிதழும் கொடுத்தார்கள்.

நான் இருப்பது கனடாவில் ஓர் ஏரிக்கரை நகரம். ஏரிதான், ஆனால் அக்கரை தெரியாது. அலை அடிக்கும், மணல் உண்டு, ஜனங்கள் குடை விரித்துப் படுத்திருப்பார்கள், எல்லோரும் பீச் என்றே சொல்வார்கள். வந்த புதிதில் ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன். உப்பே இல்லை. யாரோ என்னை ஏமாற்றிவிட்டதுபோலக் கோபம் வந்தது. கோடை முழுக்க நான் விடிந்ததும் ஒவ்வொரு பீச்சாகப் போய், இடுப்பளவு ஆழத்தில் நின்று, பாட்டிலைக் கவிழ்த்தபடி முழங்கை ஆழத்துக்கு அமிழ்த்தி, அலை வரும் திசைக்குத் திருப்பி நிரப்புவேன். மூடி, தேதியும் நேரமும் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்து, மதியத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும். பிந்திப் போன பாட்டிலை அங்கே வாங்க மாட்டார்கள், அதைக் கொட்டிவிட வேண்டியதுதான். அவர்கள் கிருமியை வளர்த்து எண்ணிச் சொல்ல மறுநாள் காலை ஆகும். அளவுக்கு மேல் இருந்தால் நான் திரும்பப் போய்க் கரையில் சிவப்புப் போர்டு நடுவேன். 'இன்று இங்கே குளிப்பது பாதுகாப்பானதல்ல' என்று அதில் இருக்கும். வாசிப்பவர்கள் அந்த 'இன்று' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அது பொய். நான் நடுகிற போர்டு எப்போதும் நேற்றைய தண்ணீரைப் பற்றித்தான் சொல்கிறது. இன்றைய தண்ணீர் எப்படி என்று இன்று யாருக்கும் தெரியாது. ஆறு கோடையாக இந்த வேலை செய்கிறேன், இந்த ஒரு விஷயம் இன்னும் எனக்குள் அடங்கவில்லை.

காலையில் நாயோடு நடக்க வரும் ஒரு பெரியவர் உண்டு. நான் தண்ணீருக்குள் ஆழம் பார்க்கும் கம்பும் கையுமாக நிற்பதைப் பார்த்து, "ஏதாவது சிக்கியதா?" என்று கரையிலிருந்து கேட்பார். "நாளைக்குத்தான் தெரியும்" என்பேன். அவர் மிகவும் வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டுப் போவார். நான் மீன் பிடிக்கிறேன் என்றும், பாவம், பிடிக்கவே தெரியாதவன் என்றும் அவர் முடிவு செய்திருக்கிறார் என்பது எனக்கு விளங்க ஒரு மாதம் ஆயிற்று. ஒருநாள் சின்னப் பிளாஸ்டிக் டப்பா நிறையத் தூண்டில் முள்ளைக் கொண்டுவந்து என் கையில் திணித்துவிட்டுப் போனார். விளக்கிச் சொல்ல எனக்கு நேரமில்லை, ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. டப்பா இன்னும் வண்டியில்தான் கிடக்கிறது.

போன வருஷம் ஆடி அமாவாசைக்கு லீவு போட்டு ஊருக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் கர்க்கடக வாவு என்றும் சொல்வோம். செத்துப்போனவர்களுக்குப் பலி போட்டு, கடலில் முங்கி எழும் நாள். அப்பா போய் அப்போது ஒன்றரை வருஷம். சாவுக்கு நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, அதனால் இந்த வாவுக்காவது ஒழுங்காக நின்று செய்ய வேண்டும் என்று இருந்தேன். எங்கள் தெருக்காரர்கள் பொழியூருக்குத்தான் போவார்கள். ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் திட்டு ஒன்று அணைபோல விழுந்து கிடக்கும், அதைத்தான் பொழி என்பது. மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் ஏறி வீடுகளுக்குள் வர ஆரம்பித்தால் திட்டை வெட்டி விடுவார்கள். அதற்குப் பொழி முறிக்கிறது என்று பெயர். நான் போன சமயம் ஒரு வாரமாக விடாத மழை, வாவுக்கு முந்தின நாள் மத்தியானம் பொழியை முறித்துவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். தேங்கிக் கிடந்த அத்தனை சாக்கடையும் சருகும் கோழிக்கடைக் கழிவும் டீ நிறத்தில் கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் அம்மா முங்க வேண்டியது அதே இடத்தில். அம்மாவுக்குச் சர்க்கரை, வலது காலின் பெருவிரலில் ஒரு மாதமாக ஆறாத புண். அந்தத் தண்ணீர் அந்தப் புண்ணில் படக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா விரதத்தில் இருந்தாள், ஒருவேளைச் சோறு மட்டும். "வருஷத்துக்கு ஒரு நாளாக்கும் மக்கா. அப்பாவுக்கு நான் வேற என்னத்தைச் செய்யப் போறேன்?" என்றாள். நான் கிருமி, புண், காலை எடுக்க வேண்டி வரும் என்றெல்லாம் பேசினேன். எதுவும் அவளிடம் ஏறவில்லை. அப்போதுதான் எனக்குப் போர்டு வைக்கும் அந்தப் புத்தி வந்தது. பழைய பிளைவுட் ஒன்றை எடுத்து, "எனக்கு மலையாளம் எழுதக் கை வராது. நீ எழுதித் தா. ஊருக்கு நல்லது" என்றேன். அம்மா நெய்யாற்றின்கரைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாராவது ஒருவர் சர்க்கார் காகிதத்தில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எழுதச் சொன்னால் மறுக்கத் தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழிலும் மலையாளத்திலும் பிசிறில்லாமல் எழுதினாள். 'இன்று இங்கே குளிக்க வேண்டாம், வெள்ளம் சுத்தமில்லை.' எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்றாலே வெள்ளம்தான். என் வேலையில், பரிசோதனை முடிவு இல்லாமல் ஒரு போர்டு நட்டால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் என்னைக் கேட்க ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

விடியற்காலையில் போர்டை மணலில் நட்டேன். அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. தெருக்காரர்கள் வந்தார்கள், போர்டை வாசித்தார்கள், நல்ல கையெழுத்து என்றார்கள், சட்டையைக் கழற்றி அதன்மேலேயே போட்டுவிட்டு இறங்கினார்கள். மீன் விற்கும் அக்கா ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "சாறே, இந்த வெள்ளத்தில இருந்துதான் எங்களுக்க மீனும் வருது. இதை இஞ்ச நாட்டினா நாளைக்கு ஆரு எனக்க மீனை வாங்குவா? ஆரு உம்மகிட்ட போர்டு வைக்கச் சொன்னது?" அவள் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மணலில் வைத்துவிட்டுப் போர்டைப் பிடுங்கிக் குப்புறப் போட்டாள். எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை, அவள் கேட்டது நியாயம்.

அத்தனை பேரில் அந்தப் போர்டுக்குக் கட்டுப்பட்டவள் எழுதினவள் மட்டும்தான். அம்மா பலியிலையைக் கையில் வைத்துக்கொண்டு, அலை வந்து தொடாத இடமாகப் பார்த்து நின்றாள். போர்டு குப்புறக் கிடந்த பிறகும் அவள் நகரவில்லை. "நானே எழுதிக் குடுத்துட்டு நானே இறங்கினா நல்லாவா இருக்கும்? நீ கொண்டு போ" என்று இலையை என்னிடம் தந்தாள். நான் முழங்கால்வரை போய் எள்ளையும் சோற்றையும் விட்டுவிட்டு வந்தேன். நானும் முங்கவில்லை. சூட்கேஸில் வேலைப் பழக்கத்தில் இரண்டு காலி பாட்டில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். ஒன்றில் தண்ணீர் பிடித்து, ஐஸ் போட்டு, திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆய்வகத்துக்குக் கொண்டு ஓடினேன். போகும்முன், எப்படிப் பிடிப்பது என்று அம்மாவுக்குச் செய்து காட்டினேன், அவள் முகம் கொஞ்சம் மாறட்டும் என்று. "நாளைக்கு முடிவு வந்துரும்மா. நல்லா இருந்தா நாளைக்கு வந்து முங்கலாம்" என்றேன். "வாவு இன்னைக்காக்கும் மக்கா" என்றாள். அவ்வளவுதான், திட்டவில்லை.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. தண்ணீர் அளவுக்குள்தான் இருந்தது, குளிக்கலாம் என்றார்கள். வாவுக்கு முந்தின ராத்திரியே கடல் இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும், அல்லது நான் பிடித்த இடம் தள்ளியிருக்க வேண்டும், காரணம் எதுவானால் என்ன. என் பாட்டுக்குப் பயந்து, என் பாட்டுக்குப் போர்டு வைத்து, அம்மாவின் ஒரு வாவைக் கெடுத்துவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், சொல்லிவிட்டேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அப்படியா, நல்லது" என்று மட்டும் சொன்னாள். எனக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை.

இந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை. கோடையில் எங்களுக்கு லீவு தருவது அபூர்வம், வாவோ இங்கே கோடையில்தான் வரும். அன்றைக்குக் காலை மூன்றாவது பீச்சில் நின்றுகொண்டிருந்தேன். முந்தின நாள் முடிவு மோசம் என்பதால் கரையில் நானே நட்ட சிவப்புப் போர்டு இருந்தது. பாட்டிலை நிரப்பி மூடும்போது நெஞ்சுப் பையில் போன் அடித்தது. அம்மா. ஊரில் சாயங்காலம் ஆகியிருக்கும். பெரியவரும் நாயும் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"மக்கா, நான் முங்கிட்டேன். மூணு முங்கு. இந்தத் தடவை போர்டு ஒண்ணும் இல்லை" என்றாள். சிரிக்கிறாள் என்று தெரிந்தது. பெருவிரல் எப்போதோ ஆறிவிட்டது என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் காலைப் பற்றிக் கேட்டேன். "காலு நல்லா உண்டு. நீ அங்க முங்கினியா?" என்றாள். "இங்க போர்டு இருக்கும்மா." "ஆரு வச்சது?" "நான்தான்."

பிறகு சொன்னாள்: "எலே, நீ விட்டுட்டுப் போன ஒரு பாட்டில் கிடந்துதுல்லா? முங்கும்முன்ன அதில வெள்ளம் பிடிச்சு வச்சிருக்கேன். நீ காட்டித் தந்த மாதிரியே கவுத்துப் பிடிச்சு, அலைக்க பக்கமா திருப்பித்தான். தேதி, நேரம், இடம் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கேன். ஃப்ரிட்ஜில மோருக்க பக்கத்தில இருக்கு. நீ வரும்ப கொண்டு போய்க் குடுத்துப் பாரு. சமாதானமாட்டு இருக்கும்." எப்போது பிடித்தாள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். பலி போடும் நேரம், காலை ஆறரை மணி இருக்கும். பத்து மணி நேரம் ஆகிவிட்டது. எந்த ஆய்வகமும் இனி அதை வாங்காது. நான் அடுத்து ஊருக்குப் போவது மார்கழியில்.

"அதுவரைக்கும் கெட்டுப் போவாதே?" என்று கேட்டாள்.

ஒரு நாள் பிந்தின பாட்டிலைக் கண் இமைக்காமல் கொட்டுகிறவன் நான். "கெட்டுப் போகாதும்மா. அப்படியே இருக்கட்டும். வந்து பாக்கிறேன்" என்றேன். போனை வைத்துவிட்டு என் பாட்டிலில் தேதியும் நேரமும் எழுதினேன். எழுத்து அம்மாவுடையதைப்போல வரவில்லை. பெரியவர் வழக்கம்போல, ஏதாவது சிக்கியதா என்று கத்திக் கேட்டார். நான் கையை மட்டும் அசைத்துவிட்டுப் போர்டைத் தாண்டிக் கரையேறினேன். வண்டிப் பக்கம் போய் உட்கார்ந்து வேடர்ஸைக் கழற்றினேன். உள்ளே என் கால்கள் காய்ந்துதான் இருந்தன.